மைக் அணைந்திருந்த நான்கு நிமிடம்

நாடாளுமன்றத்தின் பதிவுப் பிரிவில் அவளுக்குப் பென்சிலக்கா என்று பெயர். வாசல் காவலர் முதல், மூன்று முறை வென்ற உறுப்பினர் வரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். கொண்டையில் ஒன்று, காதோரம் ஒன்று, கையில் ஒன்று என்று எப்போதும் மூன்று பென்சிலோடு திரிகிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? வேலை சுருக்கெழுத்து. அவையிலோ குழு அறையிலோ யார் பேசினாலும் பேசியது பேசியபடி எழுதி எடுக்க வேண்டும். பத்து நிமிடம் ஆனதும் அடுத்த ஆள் வந்து உட்காருவார். இவள் எழுந்து போய், எழுதியதைத் தட்டச்சு செய்து, கையெழுத்துப் போட்டுக் கொடுப்பாள். ஒலிப்பதிவு இயந்திரம் வந்து இருபது வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் நாலு பேர் ஒரே நேரத்தில் கத்தினால் இயந்திரத்துக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. யார் கத்தினார் என்று கண்ணால் பார்த்து எழுத ஒரு ஆள் வேண்டியிருந்தது.

இருபத்தெட்டு வருடம் அந்த வேலையைப் பார்த்தாள். பெரிய மனிதர்களின் உளறலுக்குச் சட்டை மாட்டி, பொத்தான் போட்டு, தலை வாரி அனுப்பிவைத்தவள் அவள். ‘அது வந்து, என்னன்னா’ என்று நெளிந்த பேச்செல்லாம் அவள் கை பட்டு நிமிர்ந்து நின்றிருக்கின்றன. ஒருமுறை ஒரு உறுப்பினர் இன்னொருவரின் தாயை இழுத்துத் திட்டியதை, அவைத் தலைவர் உத்தரவு போட்டதால், பதிவிலிருந்து எடுத்தும் இருக்கிறாள். அதில் அவளுக்கு வருத்தம் இல்லை. கோபமே வராத ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். மூக்கு நுனியில் நிற்கும். ஆனால் அந்த அறைக்குள் காதுக்கும் கைக்கும்தான் வேலை, வாய்க்கு இல்லை என்று முதல் நாளே தீர்மானித்துக்கொண்டவள். தம்பி மனைவி அதைக் கிண்டல் செய்வாள்: “அக்கா ஆபீஸ்ல வாயைப் பூட்டிட்டு வந்து, சாவியை நம்ம வீட்டுலதான் தேடுறாங்க.”

தம்பி வீடும் அவள் வீடும் ஒன்றுதான். மாடியில் அவளுக்கு ஒரு அறை. கீழே முன்பக்கம் தம்பி குடும்பம், பின்பக்கம் பட்டறை. அலுமினியத்தை உருக்கி, அச்சுக்குள் அழுத்தி ஏற்றி, பாகங்கள் வார்க்கிற பட்டறை. பதினொரு பேர் வேலை பார்த்தார்கள். உலோகம் எப்போதும் உருகிய நிலையிலேயே இருக்க வேண்டும். மின்சாரம் ஒரு மணி நேரம் நின்றால் உலையின் பானைக்குள் மேலே ஆடை கட்டும். மூன்று மணி நேரம் நின்றால் மொத்தமும் கல்லாகிவிடும். மறுபடி உருக்கினால் பானையே விரிசல் விடலாம். அவளுக்கு இதெல்லாம் தெரியும். தம்பியைத் தொழிற்கல்விக்கு அனுப்பியதே அவள்தான். அப்பா போன பிறகு அவனுக்கு அப்பாவும் அவள்தான்.

தம்பியிடம் ஒரு கைத்திறன் இருந்தது. மின்சார வண்டி செய்கிற பெரிய தொழிற்சாலைக்கு அவன் மோட்டார் உறை வார்த்துக் கொடுத்தான். சூடு வெளியேற உறையைச் சுற்றி மெல்லிய தகடுகள் வேண்டும். மற்ற இடங்களில் அவற்றைத் தனியாகச் செய்து ஒட்டுவார்கள். தம்பி இரண்டு வருடம் அச்சைச் செதுக்கிச் செதுக்கி, தகட்டோடு சேர்ந்த உறையை ஒரே வார்ப்பில் எடுத்துவிட்டான். எடையில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. முதல் உறை உடையாமல் வெளியே வந்த அன்று, துடைப்பத்தோடு நின்ற பெண் முதல் கணக்குப்பிள்ளை வரை அதைக் கையில் வாங்கிப் பார்த்தார்கள். தன் அச்சு என்பதற்கு அடையாளமாக உறையின் உட்புறத்தில் மூன்று சின்னப் புள்ளிகளைக் குத்திவைத்தான்.

அப்போதுதான் புதிய எரிசக்தி அமைச்சர் வந்தார். பதிவுப் பிரிவில் அவருக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர் வைத்தார்கள். நிமிடத்துக்கு நூற்று அறுபது வார்த்தை பேசுவார். அவரை விடாமல் எழுதக்கூடிய கை பென்சிலக்காவின் கை ஒன்றுதான். அதனால் அவர் பேசுகிற இடத்துக்கெல்லாம் அவளையே அனுப்பினார்கள். கைநீட்டி வாங்குகிறவர் என்று அவரை யாரும் சொல்லவில்லை. படித்தவர், சுத்தமானவர், சொல்வதை நம்புகிறவர். நாடுகளுக்கு நடுவே நடப்பது ஓட்டப்பந்தயம், பின்தங்கினால் மிதித்துவிட்டுப் போய்விடுவார்கள் என்பார். புத்தாக்கம் இல்லாத நாடு அடுத்தவனுக்குக் கூலி வேலைதான் பார்க்கும் என்பார். மின்சாரம் நாட்டின் ரத்தம், அதை மூளைக்கு முதலில் அனுப்ப வேண்டும், விரல் நகத்துக்கு அல்ல என்பார். இதற்கு ஒரு கணக்கும் வைத்திருந்தார். ஒரு யூனிட் மின்சாரத்தில் எந்தத் தொழில் எவ்வளவு மதிப்பை உண்டாக்குகிறது என்று வரிசைப்படுத்த வேண்டும். மேலே இருப்பவர்களுக்குத் தடையில்லாத மின்சாரம். கீழே இருப்பவர்களுக்கு மிச்சம். மின்சாரம் போதாத அந்த வருடத்தில், கீழே இருப்பவர்களுக்குப் பகல் பத்து மணி முதல் நாலு மணி வரை நிறுத்துவது என்று திட்டம். அதன் பெயர் போட்டித்திறன் முன்னுரிமைத் திட்டம்.

திட்டத்தை விசாரிக்க எட்டு உறுப்பினர்கள் கொண்ட குழு கூடியது. மூடிய அறைக் கூட்டம். பத்திரிகைக்காரர்களுக்கு அனுமதி இல்லை. நீள மேசை, ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு மைக். பேசும்போது மைக்கின் கழுத்தில் சிவப்பு விளக்கு எரியும். மேசையின் கால்மாட்டில், சுவரை ஒட்டிப் போட்ட சின்ன மேசையில் பென்சிலக்கா.

அமைச்சர் பையிலிருந்து எதையோ எடுத்து உயர்த்திக் காட்டினார். மோட்டார் உறை.

“இதைப் பாருங்க. இதுதான் புத்தாக்கம். ஒரே வார்ப்பு. உலகத்துல நாலு நாட்டுலதான் இது வருது. நம்ம மின்வண்டித் தொழிற்சாலை இதைப் பண்ணியிருக்கு. இவங்களுக்குத்தான் கரண்ட் போகணும். மூலைக்கு மூலை ஓட்டைப் பட்டறை வெச்சிருக்கிறவங்களுக்கா குடுக்கச் சொல்றீங்க?”

உறையைக் கையில் சுழற்றினார். ஜன்னல் வெளிச்சம் உட்புறத்தில் விழுந்தது. மூன்று புள்ளிகள்.

பென்சிலக்காவின் காது மடல் கொதித்தது. அந்த உறையின் முதல் நாற்பது வார்ப்பு உடைந்துபோனதை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். தம்பி கையில் தழும்பு இருக்கிறது. எழுந்து, ‘ஐயா, நீங்க கையில வெச்சிருக்கிறது அந்த ஓட்டைப் பட்டறையில பிறந்தது’ என்று சொல்ல நாக்கு துடித்தது. கை ‘(அமைச்சர் ஒரு பாகத்தை உயர்த்திக் காட்டுகிறார்)’ என்று எழுதியது. அவ்வளவுதான் அவளால் முடிந்தது. பென்சில் முனை முறிந்தது. காதோரத்துப் பென்சிலை எடுத்துக்கொண்டாள்.

அந்த நேரத்தில் மின்சாரம் போனது.

விசிறி நின்றது. சிவப்பு விளக்கு அணைந்தது. மூலையில் ஒலிப்பதிவு இயந்திரம் ஒரு முனகலோடு அடங்கியது. எரிசக்தி அமைச்சர் இருக்கிற அறையிலேயே கரண்ட் போனால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்த அம்மாள், “மூளைக்கே ரத்தம் போகல போலிருக்கே” என்றார். குழுவின் தலைவர்கூடச் சிரித்துவிட்டார். ஜெனரேட்டர் வரும் வரை நிறுத்தலாமா என்று உதவியாளர் கேட்டதற்கு, நேரமில்லை, பகல்தானே, பேசுங்கள் என்று தலைவர் சொன்னார்.

கணக்கு வாத்தியாரம்மா விடவில்லை. பட்டறைகள் மூடினால் அந்த ஆட்களைப் பெரிய தொழிற்சாலைகள் எடுத்துக்கொள்ளும் என்று திட்டத்தில் எழுதியிருக்கிறதே, ஏதோ ஆய்வு சொன்னதாகப் போட்டிருக்கிறதே, அந்த ஆய்வு எங்கே என்று கேட்டார். அமைச்சருக்கு முகம் சிவந்திருந்தது. சிரிப்பு அவரைச் சுட்டுவிட்டது. மைக்கைப் பார்த்தார். விளக்கு எரியவில்லை. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

“மைக்தான் ஆஃப்ல இருக்கே, உள்ளதைச் சொல்றேன். ஆய்வுன்னு எதுவும் இல்லீங்க. முடிவு நான் எடுத்தேன். ஆய்வை இப்பத்தான் எழுதச் சொல்லியிருக்கேன். அந்தப் பட்டறைங்க எப்படியும் சாகப்போறதுங்க. ரெண்டு வருஷம் இழுத்துட்டுக் கிடந்து சாகிறதுக்கு, இப்பவே செத்தா நாட்டுக்குக் கரண்ட் மிச்சம்.”

மைக்கை மட்டும்தான் பார்த்தார். சுவரோரம் உட்கார்ந்து எழுதுகிறவளுக்குக் கரண்ட் வேண்டாம் என்பது அவருக்குத் தோன்றவில்லை. அவள் ஒரு எழுத்து விடாமல் எழுதினாள். அதைக் கேட்டும் தலைவர் சிரித்ததை எழுதினாள். கணக்கு வாத்தியாரம்மா, ‘இதைப் பதிவு பண்ணிக்குங்க’ என்றதை எழுதினாள். நான்கு நிமிடம் கழித்து விளக்கு வந்தது. இயந்திரம் மறுபடி சுற்றத் தொடங்கியது. அமைச்சரும் நிமிர்ந்து உட்கார்ந்து, நாட்டின் எதிர்காலம் பற்றிப் பேசத் தொடங்கினார்.

மாலை பிரிவு அதிகாரி அவளைக் கூப்பிட்டார். இருவரும் ஒரே வருடத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்களுக்கே உரிய பயம் அவரிடம் நிறைய இருந்தது. அவள் தட்டச்சு செய்து கொடுத்த தாள்களை மேசையில் விரித்து வைத்திருந்தார்.

“அந்த நாலு நிமிஷத்துக்கு மின்தடைன்னு ஒரு வரி போட்டுடுங்கம்மா. போதும்.”

“போட்டிருக்கேனே சார். மின்தடைன்னு போட்டு, அதுக்குக் கீழ அவங்க பேசினதையும் போட்டிருக்கேன்.”

“டேப்ல இல்லையே.”

“டேப் வர்றதுக்கு முன்னாடி இங்க பதிவே இல்லையா சார்? பதிவு பண்ண வேண்டாம்னு தலைவர் சொன்னா நிறுத்தணும். அவர் சொல்லலை. பேசுங்கன்னார்.”

அவர் குரலைத் தாழ்த்தினார். மேலிடத்திலிருந்து இரண்டு முறை தொலைபேசி வந்துவிட்டது, தனக்கு ஓய்வு பெற ஒன்றரை வருடம்தான் இருக்கிறது, மகளுக்கு இன்னும் படிப்பு முடியவில்லை என்றார். அவளுக்கு அவர் மேல் இரக்கம் வந்தது. அந்த இரக்கத்தின் மேலேயே கோபமும் வந்தது. இத்தனை வருடம் இவர்கள் உளறலுக்கு அவள் சட்டை மாட்டிவிட்டது போதாதா? இப்போது முழு மனிதனையே மறைக்கச் சொல்கிறார்களா? கையெழுத்துப் போட்ட தாளை மாற்ற மாட்டேன், வேண்டுமானால் வேறு யாராவது கையெழுத்துப் போடட்டும் என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

வேறு யாரோ போட்டார்கள். பத்து நாளில் அச்சாகி வந்த பதிவில், ‘மின்தடை காரணமாக நான்கு நிமிடம் பதிவு இல்லை’ என்று இருந்தது. சுருக்கெழுத்து நோட்டைக் கொடுத்துவிடச் சொல்லி எழுத்துமூலமாகக் கேட்டார்கள். அவள் மறுக்கவில்லை. நோட்டு அரசாங்கத்துடையது. ஆனால் கொடுப்பதற்கு முன்னால் ஒவ்வொரு பக்கத்துக்கும் எண் போட்டாள். ஆவண அறைக்கு நேராகப் போய், இத்தனையாவது நோட்டு, இத்தனை பக்கம், கிழிசல் இல்லை என்று பதிவேட்டில் ஏற்றி, காப்பாளரின் கையெழுத்தை வாங்கிக்கொண்டு வந்தாள். காப்பாளருக்கு விஷயம் ஒன்றும் தெரியாது. விதிப்படி நடக்கிற ஒருத்தியைக் கண்ட சந்தோஷத்தில் மூன்று இடத்தில் முத்திரை குத்திக் கொடுத்தார்.

அடுத்த மாதம் திட்டம் நடைமுறைக்கு வந்தது. காலை பத்து மணிக்குத் தெரு முழுவதும் ஒரே நேரத்தில் அடங்கும். அறுக்கிற சத்தம், தட்டுகிற சத்தம், உருளுகிற சத்தம் எல்லாம் கழுத்தை நெரித்த மாதிரி நிற்கும். தம்பி அதிகாலை நாலு மணிக்கு உலையை ஏற்றி, ஒன்பதரைக்குள் வார்த்து முடித்துவிடப் பார்த்தான். தூர இடங்களிலிருந்து வருகிற பெண்களால் நாலு மணிக்கு வர முடியவில்லை. உலோகம் பதமாக ஒரு நேரம் எடுக்கும். அதை மிரட்டி அவசரப்படுத்த முடியாது. பத்து வார்ப்பில் நாலு பொத்தலாக வந்தது. மூன்றாவது வாரம் பானை விரிசல் விட்டது. மின்வண்டித் தொழிற்சாலைக்காரன் இரண்டு முறை எச்சரித்தான். மூன்றாவது முறை எச்சரிக்கவில்லை. உறையை வெளிநாட்டிலிருந்து வரவழைத்துக்கொள்வதாக ஒரு கடிதம் வந்தது.

கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு தம்பி மாடியேறி வந்தான். பட்டறைக்காரர்கள் சங்கம் வழக்குப் போடப்போகிறது, அவனும் கையெழுத்துப் போட்டிருக்கிறான். ஆய்வே இல்லை என்று அமைச்சர் சொன்னதாக அந்தக் கணக்கு வாத்தியாரம்மா சொல்கிறார். அமைச்சர் சத்தியம் செய்து மறுக்கிறார். இதைச் சொல்லிவிட்டு அவன் அக்காவைப் பார்த்தான்.

“நீ அந்த ரூம்ல இருந்தியா அக்கா?”

“இருந்தேன்.”

“அவர் அப்படிச் சொன்னாரா?”

“அதைச் சொல்லக் கூடாதுடா. மூடின கூட்டம்.”

“என் உலைப் பானை வெடிச்சுப் போச்சு. ஏழு பேரை வீட்டுக்கு அனுப்பிட்டேன். உன் வாயிலேர்ந்து ஒரு ஆமா வராதா?”

“வராது.”

அவன் கத்தவில்லை. அதுதான் அவளுக்கு வலித்தது. “சரி, நீ உன் அமைச்சருக்கே அக்காவா இரு” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான். அன்றிலிருந்து அவளோடு பேசவில்லை. ஒரே வீட்டில், ஒரே குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, மூன்று மாதம். சாப்பாட்டுத் தட்டைத் தம்பி மனைவி மாடிக்குக் கொண்டு வந்து வைத்துவிட்டுப் போவாள். அவளும் கிண்டலை நிறுத்தியிருந்தாள். பென்சிலக்கா தினமும் வேலைக்குப் போய், அதே அமைச்சர் நூற்று அறுபது வார்த்தை வேகத்தில் பொழிவதை எழுதி, திரும்பி வந்து, செத்துக் கிடந்த பட்டறையைத் தாண்டி மாடியேறினாள். அடக்கிய கோபம் வயிற்றில் புண்ணாகும் என்பார்கள். அவளுக்கு உண்மையிலேயே ஆனது. மருத்துவர் காரத்தைக் குறைக்கச் சொன்னார்.

நீதிமன்றத்தில் அரசாங்கமே அச்சடித்த பதிவைத் தாக்கல் செய்தது, நான்கு நிமிடம் வெற்றிடம் என்று காட்டுவதற்காக. அது அவர்கள் செய்த பெரிய தப்பு. குழுவில் பேசியதை நீதிமன்றம் கேட்கக் கூடாது என்று பிற்பாடு அவர்கள் வாதாடியபோது, கேட்கச் சொல்லிக் கொண்டுவந்து வைத்ததே நீங்கள்தானே என்று நீதிபதி சொல்லிவிட்டார். சங்கத்தின் வழக்கறிஞர் ஒரு கேள்விதான் கேட்டார். இயந்திரம் நின்றது சரி, எழுதுகிற ஆளின் கையும் நின்றுவிட்டதா? சுருக்கெழுத்து நோட்டு எங்கே?

நோட்டு ஆவண அறையில் இருந்தது. பதிவேட்டில் ஏறி மூன்று முத்திரை வாங்கிய நோட்டில் யாருக்கும் கை வைக்கத் துணிவு வரவில்லை போலும். காப்பாளரே அதைத் துணியில் சுற்றி எடுத்து வந்தார். பென்சிலக்காவுக்குச் சம்மன் வந்தது.

அரசாங்க வழக்கறிஞர் எழுந்ததுமே அவள் எதிர்பார்த்ததைத்தான் செய்தார். இந்த அம்மாள், மனுதாரர்களில் ஒருவரின் உடன்பிறந்த அக்கா. தம்பியின் பட்டறைக்காக அமைச்சர் வாயில் இல்லாத சொற்களைப் பிற்பாடு எழுதிச் சேர்த்திருக்கிறார். கோழிக்கிறுக்கல் போன்ற இந்தக் கோடுகளை அவர் எப்படி வேண்டுமானாலும் படித்துச் சொல்லலாம். அவரைத் தவிர வேறு யாருக்குப் புரியும்?

கோழிக்கிறுக்கல் என்ற சொல் அவளைக் குத்தியது. பொய்யாக எழுதிச் சேர்த்தாள் என்றதைவிட அதிகமாகக் குத்தியது. சாட்சிக் கூண்டிலிருந்து நீதிபதியின் பக்கம் திரும்பினாள்.

“அப்படின்னா நான் படிக்க வேண்டாம் ஐயா. உங்க கோர்ட்டுலயே எழுதுற பொண்ணு உட்கார்ந்திருக்காங்களே, அவங்க படிக்கட்டும். எனக்கு அவங்களைத் தெரியாது. சரியா எழுதினதுன்னா யார் படிச்சாலும் ஒண்ணுதான் வரும்.”

நீதிபதியின் மேடைக்குக் கீழே உட்கார்ந்து, நடப்பதையெல்லாம் சுருக்கெழுத்தில் எடுத்துக்கொண்டிருந்த இளம்பெண் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். நீதிபதி யோசித்துவிட்டு நோட்டை அவளிடம் கொடுக்கச் சொன்னார். அவள் பக்கத்தைப் புரட்டினாள். ஒரு நிமிடம் உதடு மட்டும் அசைந்தது. பிறகு பள்ளிக்கூடப் பிள்ளை பாடம் வாசிக்கிற மாதிரி, ஏற்ற இறக்கமில்லாத குரலில் வாசித்தாள். அமைச்சர் ஒரு பாகத்தை உயர்த்திக் காட்டுகிறார். மின்தடை. தலைவர்: பேசுங்கள். அமைச்சர்: மைக்தான் ஆஃப்ல இருக்கே, உள்ளதைச் சொல்றேன். ஆய்வுன்னு எதுவும் இல்லீங்க. முடிவு நான் எடுத்தேன். இப்படியே போய், ‘இப்பவே செத்தா நாட்டுக்குக் கரண்ட் மிச்சம்’ என்ற இடத்தில் குரல் ஒரு கணம் தடுக்கியது. அடுத்த வரி, அடைப்புக்குறிக்குள், தலைவர் சிரிக்கிறார்.

கூடத்தில் பின்வரிசையில் பட்டறைக்காரர்கள் நாற்பது பேர் இருந்தார்கள். தம்பியும் அவர்களோடு இருந்தான்.

நீதிபதி பென்சிலக்காவைப் பார்த்து, இதை எப்போது தம்பியிடம் சொன்னீர்கள் என்று கேட்டார்.

“சொல்லவே இல்லைங்க ஐயா.”

“ஒரே வீட்டில் இருக்கிறீர்கள். சொல்லவே இல்லையா?”

அதற்குள் பின்வரிசையில் தம்பி எழுந்துவிட்டான். காவலர் உட்காரச் சொன்னார். நீதிபதி கையமர்த்தினார்.

“அக்கா சொல்லலை ஐயா. கேட்டேன், மாட்டேன்னுட்டாங்க. அதுக்காகத்தான் மூணு மாசமா நான் அவங்ககூடப் பேசலை. எங்க தெருவுல யாரைக் கேட்டாலும் சொல்வாங்க.”

தெருவே அறிந்த அந்தச் சண்டைதான் அவளுக்குச் சாட்சியாக வந்து நின்றது. அரசாங்க வழக்கறிஞர் தாள்களை அடுக்கத் தொடங்கினார்.

ஐந்து வாரம் கழித்துத் திட்டத்தை ரத்து செய்து தீர்ப்பு வந்தது. இல்லாத ஆய்வை இருப்பதாகக் காட்டிப் போட்ட உத்தரவு செல்லாது என்றார் நீதிபதி. தெருவுக்கு மின்சாரம் திரும்பியது. ஆனால் அந்தத் தெருவிலும் அடுத்த தெருவிலுமாகப் பத்தொன்பது பட்டறைகள் அதற்குள் மூடிவிட்டிருந்தன. இயந்திரங்களை இரும்புக் கடைக்கு எடைக்குப் போட்டவர்களுக்கு மின்சாரம் வந்தென்ன, போயென்ன? தம்பி புதுப் பானை வைத்து உலையை ஏற்றினான். மின்வண்டித் தொழிற்சாலை திரும்பி வரவில்லை. தண்ணீர் பம்புக்கு மூடி வார்த்தான். பதினொரு பேரில் நாலு பேர் திரும்பி வந்தார்கள். ஒரே வார்ப்பில் தகடு எடுக்கிற அச்சு, எண்ணெய்த் துணி போர்த்தி மூலையில் கிடந்தது.

அதுவரை முகம் கொடுக்க வெட்கப்பட்டுக்கொண்டிருந்த தம்பி, தீர்ப்பு வந்த அன்று மாடியேறி வந்து, அக்கா, தப்பாப் பேசிட்டேன் என்றான். அவள் திரும்பிப் பார்த்தாள். சந்தோஷப்பட வேண்டிய நேரம்தான். ஆனால் அவளுக்கு வந்தது கோபம்தான்.

“ஒரு ஜட்ஜ் வந்து சொன்னப்புறம்தான் உனக்கு அக்காவைத் தெரிஞ்சுதா? என்னைப் பார்த்தா அந்த அமைச்சருக்கு அக்கா மாதிரியா இருந்துச்சு உனக்கு?”

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். அவள் திட்டினாள். அந்த மூன்று மாதத்துக்கும், தீர்ப்புக்குக் காத்திருந்த ஐந்து வாரத்துக்கும் சேர்த்துத் திட்டினாள். குழாயடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனதையெல்லாம் தேதி வாரியாகச் சொல்லித் திட்டினாள். பதிவு எழுதுகிறவளாயிற்றே, ஒன்றையும் விடவில்லை. கீழேயிருந்து தம்பி மனைவி வந்து, “சாவி கிடைச்சுடுச்சு போல” என்றாள். அதற்கும் அவள் சிரிக்கவில்லை. மறுநாள்தான் கீழே போய் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

அலுவலகத்தில் அவளுக்கு மாலை போடவில்லை. மேலதிகாரியின் அறிவுரையை மதிக்கவில்லை என்று ஒரு குறிப்பாணை கொடுத்து, எழுதுபொருள் கிடங்குக்கு மாற்றினார்கள். அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத அறையில், தாள்கட்டு எண்ணுகிற வேலை. அச்சுப் பதிவில் கையெழுத்துப் போட்டவருக்கு ஒன்றும் ஆகவில்லை. பிரிவு அதிகாரி நிம்மதியாக ஓய்வு பெற்றார். போகும்போது கிடங்குக்கு இறங்கி வந்து, கையைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். அமைச்சரை எரிசக்தித் துறையிலிருந்து எடுத்தார்கள். பட்டறைத் தெருவில் பட்டாசு வெடிக்காத குறைதான். இரண்டே வாரத்தில் தொழில், புத்தாக்கம் என்று இரண்டு துறைகளைச் சேர்த்து அவரிடமே கொடுத்தார்கள். அதைச் செய்தியில் கேட்டபோது, தாள்கட்டு எண்ணிக்கொண்டிருந்த பென்சிலக்காவுக்கு எண்ணிக்கை தவறிப்போனது. முதலிலிருந்து எண்ண வேண்டியிருந்தது.

பதினான்கு மாதம் அங்கே இருந்தாள். அவளைத் திருப்பி மேலே கூப்பிட்டது யாருடைய மனசாட்சியும் இல்லை. எக்ஸ்பிரஸ் பேச்சை எழுத ஆள் கிடைக்கவில்லை. அவர் உரைகள் பாதி பாதியாக அச்சாகின்றன என்று அவருடைய கட்சிக்காரர்களே புகார் கொடுத்தார்கள். புதிதாக வந்த இரண்டு பேர் கையை உதறிவிட்டு ஓடிப்போனார்கள்.

திரும்பிப் போன முதல் நாளே புத்தாக்கக் கொள்கை மீதான விவாதம். அவையின் நடுவில் இருக்கிற வட்ட மேசைக்கு அவள் போய், போகிறவரிடமிருந்து இடத்தை வாங்கிக்கொண்டு, பக்கத்தின் மேல் நேரத்தைக் குறித்தாள். அமைச்சர் உச்ச வேகத்தில் இருந்தார். உலகச் சந்தை, போட்டித்திறன், சிறு தொழில்களின் படைப்பாற்றலே நாட்டின் முதுகெலும்பு என்று பொழிந்துகொண்டிருந்தார். முதுகெலும்பு என்றதும் அவளுக்குக் காது மடல் சுட்டது. விரல் நகம் எப்போது முதுகெலும்பானது? ஆனாலும் எழுதினாள். அரை வார்த்தை விடாமல் எழுதினாள்.

அடுத்த தாளை எடுக்கக் குனிந்தவர் நிமிரும்போது அவளைப் பார்த்துவிட்டார். வாக்கியம் பாதியில் நின்றது. உறுப்பினர்கள் தண்ணீருக்காக நிறுத்துகிறார் என்று நினைத்தார்கள். அவர் ஒரு மிடறு குடிக்கவும் செய்தார். மறுபடி தொடங்கியபோது நிமிடத்துக்கு எண்பது வார்த்தைதான் வந்தது. ஒவ்வொரு சொல்லையும் வெளியே விடுவதற்கு முன்னால் வாய்க்குள் புரட்டிப் பார்த்துவிட்டு விட்டார்.

பென்சிலக்கா தலை நிமிரவில்லை. பத்து நிமிடம் முடிந்ததும் அடுத்த ஆளுக்கு இடம் விட்டு எழுந்து, தட்டச்சு அறைக்குப் போனாள்.